கியர் பெட்டியில் இரும்புத் துண்டு கிடைத்தால்

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை கலைகிற நேரம். பீஞ்சமந்தை மலைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய மகிந்திரா ஜீப் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. மூன்று கியர் உள்ள பெட்டி வைத்த வண்டி. ஓட்டி வந்த தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு.

"அண்ணே, முந்தாநேத்து ஆயில் மாத்தசொல்ல இது விழுந்துச்சு. பெட்டி மொத்தமா போச்சு, வேற பெட்டிதான் போடணும்னு சொல்லிட்டாங்க."

"வடிச்ச ஆயில் எங்க தம்பி?"

"அத அங்கியே கொட்டிட்டாங்கண்ணே."

அந்தக் கடைசி பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. 1992-இல் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் உஸ்தாதிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து கியர் பெட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. வடித்த ஆயிலைப் பார்க்காமல் பெட்டி போச்சு என்று யார் சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், எடுத்த உடனே வயிற்றைக் கிழிப்பதில்லை. கியர் பெட்டிக்கு அந்த ரத்தம் வடித்த ஆயில். பெட்டிக்குள் எது தேய்கிறது, எது உடைந்தது, நேற்று உடைந்ததா, பத்து வருடத்துக்கு முன்னால் உடைந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். பார்க்கத் தெரிந்தால் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு காந்தம், ஒரு வெள்ளைத் துணி, ஒரு சிறிய அரம், பகல் வெளிச்சம்.

வடிப்பது

வண்டியில் வழக்கத்துக்கு மாறான சத்தம் எதுவும் இல்லை என்றால் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடியுங்கள். அப்போதுதான் ஆயிலில் மிதக்கிற பொடியும் சேர்ந்து வெளியே வரும். வண்டி நின்று ஆறிப்போனால் பொடியெல்லாம் அடியில் படிந்து, வருகிற ஆயில் பார்க்க நல்ல ஆயில் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே 'கர்ர்' என்று அரைக்கிற சத்தமோ, ஒரே தாளத்தில் 'டக் டக்' என்ற சத்தமோ இருந்தால் ஓட்டவே கூடாது. நின்ற இடத்திலேயே வடித்துவிட்டு ஒரு இரவு முழுக்கச் சொட்ட விட்டுவிடுங்கள்.

அடி நட்டைத் தொடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் ஆயில் ஊற்றுகிற நட்டைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அந்த நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அடியில் ஆயிலை வடித்து முடித்த பிறகு மேல் நட்டு கழலவில்லை என்றால் வண்டி அந்த இடத்தைவிட்டு நகராது. இரண்டு தடவை இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக மலையடிவாரம் வரை பைக்கில் ஆயில் பம்ப்பும் வெல்டிங் சாமானும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று கியர் டி-90 பெட்டியும் அதன் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி) தனித்தனியாக நட்டு வைத்திருந்தாலும் உள்ளே ஆயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரும். அதனால் அங்கே உடைந்ததன் பொடி இங்கே வரும், இங்கே உடைந்தது அங்கே போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் வடியுங்கள், ஆனால் இரண்டு தனித்தனித் தட்டில் பிடியுங்கள். கலந்துவிட்டால் பாதி துப்பு போய்விடும். மாருதி 800 மாதிரி முன்சக்கர வண்டி என்றால் டிஃபரன்ஷியலும் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கிற கியர்) அதே கூட்டுக்குள், அதே ஆயிலில்தான் ஓடுகிறது. அங்கே கிடைக்கிற துண்டு டிஃபரன்ஷியல் பல்லாகவும் இருக்கலாம்.

பிடிக்கிற தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது பலர் தலையாட்டிவிட்டு, போன வாரம் பிரேக் ட்ரம் கழுவிய அதே தட்டை எடுத்து வைக்கிறார்கள். அப்புறம் அதில் கிடைக்கிற இரும்புத்தூளைப் பார்த்து பயப்படுகிறார்கள். நான் பழைய எனாமல் தட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். வெள்ளை அடிப்பாகத்தில் தங்கப் பொடி சட்டென்று தெரியும்.

முதலில் அடி நட்டின் உள்பக்கத்தைத் துடைக்காமல் பாருங்கள். சில வண்டிகளில் நட்டிலேயே காந்தம் இருக்கும். அதில் முடி மாதிரி எழுந்து நிற்கிற பொடியை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஆயில் முழுக்க வடிந்த பிறகு நட்டு ஓட்டை வழியாக வளைத்த கம்பி ஒன்றை விட்டு மெல்லத் துழாவுங்கள். ஓட்டையைவிடப் பெரிய துண்டு தானாக வெளியே வராது, உள்ளேயே கிடக்கும். 'ஆயிலோடு ஒன்றும் விழவில்லை' என்பதை வைத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கம்பி நுனியில் சிறிய காந்தத்தைக் கட்டி விட்டால் இன்னும் நல்லது. கட்டு நன்றாக இறுகியிருக்கட்டும், காந்தமே உள்ளே விழுந்துவிடக் கூடாது.

பிரிப்பது

உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் இந்த வேலைக்கு நன்றாக இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையோடு ஆயிலுக்குள் மெதுவாக உழுது எடுங்கள். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பினால் ஒட்டிய பொடி முழுக்கப் பைக்குள் வந்துவிடும். நேரடியாகக் காந்தத்தை விட்டால் அந்தப் பொடியைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆகும்.

மீதி ஆயிலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதன் மேல் கொஞ்சம் டீசல் ஊற்றிக் கழுவுங்கள். இப்போது உங்கள் கையில் இரண்டு குவியல் இருக்கும். காந்தம் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. இரண்டையும் தனித்தனி வெள்ளைத் தாளில் பரப்பி வெயிலில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, இந்த ஒரு வேலைக்கு அது உதவட்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெண்கலமும் பித்தளையும் ஒன்றுபோலவே தெரியும்.

வடிகட்டிய ஆயிலை ஒரு கேனில் ஊற்றி மூடி வையுங்கள், பழைய ஆயில் வாங்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். மண்ணிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்தது. நம்மால் ஆன அளவுக்கு நாமும் சேர்க்காமல் இருப்போம்.

எது எங்கிருந்து வந்தது

முதலில் பயப்படத் தேவையில்லாததைச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் மை மாதிரி, கண்மை அளவுக்கு நைசாக ஒட்டுவது எல்லாப் பழைய பெட்டியிலும் இருக்கும். பல்லோடு பல் உரசி வருஷக்கணக்கில் சேர்ந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் சரி. மணல் மாதிரி நெருடினால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். அதேபோல ஆயிலை வெயிலில் சாய்த்தால் மினுமினுவென்று தங்கத் தூசி தெரிவதும் ஓரளவுக்கு இயல்புதான். சின்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்குகிற பித்தளை வளையம்) தன் வேலையைச் செய்ததற்கான அடையாளம் அது. தூசி என்கிற நிலை தாண்டி, நகத்தால் தள்ளக்கூடிய துணுக்காக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

காந்தம் பிடிக்காத மஞ்சள் துணுக்குகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரிதாக இருந்தால் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்து உள் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் பெரும்பாலும் சின்க்ரோ ரிங். அதிலும் ஒரு ஓரம் கூராக, சின்னப் பல் மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், ரிங்கின் வெளிப்பல் முறிந்திருக்கிறது. கியர் மாற்றும்போது 'கரக்' என்று சத்தம் வரும், எந்தக் கியரில் வருகிறதோ அந்தக் கியரின் ரிங். செம்பு கலந்த சிவப்பு நிறம் தெரிந்தால் வெண்கலம். த்ரஸ்ட் வாஷர் (கியர் முன்னும் பின்னும் நகராமல் தாங்குகிற வளையம்) அல்லது புஷ் (ஷாஃப்டைச் சுற்றி இருக்கிற உறை). இது தகடு தகடாக, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக வரும். சிவப்புத் தகடு வருகிறது என்றால் ஏதோ ஒரு கியர் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நகர்வு இன்றைக்கு வாஷரைத் தின்கிறது, நாளைக்குப் பல்லைத் தின்னும்.

மஞ்சள் பொடி அளவுக்கு மீறி வந்தால் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். பின் ஆக்சிலுக்கு என்று வருகிற ஜி.எல்-5 (கியர் ஆயிலின் தரக் குறி) ஆயிலைப் பழைய கியர் பெட்டியில் ஊற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். டப்பாவில் கெட்டித்தன்மை எண் 90 என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஜி.எல்-5-இல் கலக்கிற கந்தக மருந்து, பல்லுக்குப் பல் கடுமையாக உரசுகிற ஆக்சிலுக்காகச் சேர்ப்பது. சில ஆயில்களில் அது பித்தளை, வெண்கலத்தை மெல்ல அரிக்கும். அதோடு வழுக்கலும் கூடுதல் என்பதால் சின்க்ரோ ரிங் கோனை (கியரின் கூம்பு முகத்தை) சரியாகக் கவ்விப் பிடிக்காது. உங்கள் வண்டிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதை ஊற்றுங்கள். கியர் ஆயில் கேட்கிற சின்க்ரோ பெட்டிக்கு ஜி.எல்-4 என்று பார்த்து வாங்குவது என் வழக்கம்.

காந்தம் பிடிக்காத வெள்ளி நிறத் துண்டு, எடுத்தால் எடையே இல்லாமல் இருந்தால் அலுமினியம். ஜீப்பின் டி-90 பெட்டிக் கூடு வார்ப்பிரும்பு, அதனால் அங்கே இது அரிது. மாருதி மாதிரி அலுமினியக் கூடு உள்ள பெட்டிகளில் பேரிங் உட்காருகிற இடம் தேய்ந்தாலோ, உடைந்த பல் கூட்டில் மோதினாலோ இது வரும். சந்தேகமாக இருந்தால் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். அலுமினியம் நுரைக்கும், மற்றவை சும்மா இருக்கும். கண்ணில் படாமல், கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

இனி காந்தம் பிடித்த குவியல். அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

மீன் செதில் மாதிரி மெல்லிசாக, ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளத்து, மறுபக்கம் சொரசொரவென்று இருந்தால் பேரிங்கின் ஓட்டப்பாதையோ உருளை ஓடுகிற ஷாஃப்டோ உரிகிறது. பளபளப்பான பக்கம்தான் உருளை ஓடிய முகம், சொரசொரப்பு உரிந்த இடம். உரிந்த இடத்தின் மேல் அடுத்த உருளை ஏறி இறங்கும், அது இன்னும் கொஞ்சம் பெயர்க்கும். இது தானாக நிற்காது. ஆயில் மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடை தாண்டுகிற வண்டிகளில் இது சீக்கிரம் வரும். உத்திரகாவேரியில் தண்ணீர் வந்த காலத்தில் இறங்கி ஏறிய வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, காற்று விடுகிற ஓட்டை வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் மோர் நிறத்துக்குப் போய்விடும். பேரிங்கில் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளியிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும்.

பென்சில் முனை மாதிரி சிறிய உருண்டைக் கம்பி, முழுசாகவோ பாதியாகவோ கிடைத்தால் அது ஊசி பேரிங்கின் உருளை. ஜீப் பெட்டியில் லே ஷாஃப்ட் (பெட்டியின் அடியில் சுற்றுகிற கியர்த் தொகுப்பு) இப்படிக் கூடு இல்லாத தனித்தனி உருளைகளின் மேல்தான் சுற்றுகிறது. அதற்கு உள்ளே இருக்கிற ஷாஃப்டும் அநேகமாக உரிந்திருக்கும்.

இதில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். 1998, தனியாகப் பட்டறை போட்ட முதல் வருடம். ஒரு ஜீப்பில் ஆயில் மாற்றும்போது ஒரே ஒரு உருளை விழுந்தது. முன்னால் வேலை செய்தவர் கைதவறிப் போட்டது என்று நினைத்து, புது ஆயில் ஊற்றி அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்டார், நானும் இடம் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் மலை இறக்கத்தில் லே ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து பல்லோடு பல் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பள்ளத்துப் பக்கம் திரும்பாததால் உள்ளே இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு உருளை விழுந்தாலும் பெட்டியைத் திறக்காமல் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. 'சும்மா ஊத்திக் கொடுங்க' என்று சண்டை போட்டவர்கள் உண்டு. போடட்டும்.

சரி, பல்லுக்கு வருவோம். முக்கோணமாக, கனமாக, ஒரு முகம் வழவழப்பாக இருக்கிற துண்டு கியர் பல். முறிந்த முகத்தை உற்றுப் பாருங்கள். கியர் பல்லுக்கு மேல் தோல் மட்டும் கடினமாக இருக்கும்படி பதம் போடுவார்கள். அதனால் முறிவில் ஓரம் நைசான துகளாகவும், நடுவில் கொஞ்சம் பெரிய துகளாகவும் இரண்டு நிறம் தெரியும். பேரிங் இரும்பு உள்வரைக்கும் ஒரே பதம், கண்ணாடிச் சில்லு மாதிரி கூராக உடையும், நிறம் மாறாது.

துண்டு பல்லின் நுனி மூலையிலிருந்து வந்ததா, நடு உடம்பிலிருந்து வந்ததா என்பதும் முக்கியம். பழைய ஜீப்பிலும் பழைய அம்பாசடரிலும் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. கியரே நகர்ந்து போய் இன்னொன்றோடு சேர வேண்டும். வண்டி முழுக்க நிற்பதற்கு முன் ஃபர்ஸ்ட்டையோ ரிவர்ஸையோ தள்ளினால் பல்லின் ஓரம் கொறித்துக்கொண்டே வரும். அரிசிக் குறுணை அளவுக்கு மூலைத் துண்டுகள் விழுவது இதனால்தான். ஓட்டுகிற கையை மாற்றினாலே பாதி நிற்கும். நடு உடம்பு பெயர்ந்து வந்தாலோ, பல் அடியோடு முறிந்தாலோ அது வேறு. பாரம் தாங்காமல் பல நாளாக விரிசல் விட்டு முறிந்தது. அப்படியானால் அந்தக் கியரும் அதனோடு சேர்கிற கியரும் இரண்டுமே போக வேண்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகரம் மாதிரி மெல்லிய இரும்பு பேரிங்கின் கூடாகவோ சின்க்ரோவுக்குள் இருக்கிற சிறிய தகட்டுச் சாவியாகவோ இருக்கும். வளைந்த கம்பி என்றால் சின்க்ரோ ஸ்பிரிங் அல்லது சர்க்ளிப் (ஷாஃப்டின் பள்ளத்தில் மாட்டுகிற பூட்டு வளையம்). முறிந்த காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டுகிற பிளவு ஊசி) கிடைத்தால் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று உடனே தேடுங்கள், ஜீப்பில் மெயின் ஷாஃப்டின் (பெட்டியிலிருந்து சக்தி வெளியே போகிற தண்டின்) பின்பக்க நட்டை முதலில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று உதிர்கிற துண்டு வார்ப்பிரும்பு, தேய்த்தால் விரலில் கரி ஒட்டும். கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று டீசலில் கழுவிப் பாருங்கள்.

எது என்று தெரியாத துண்டை வைஸில் பிடித்து அரம் போடுங்கள். அரம் வழுக்கினால் பதம் போட்ட இரும்பு, அதாவது பல், உருளை, பேரிங். அரம் கடித்தால் சாதா இரும்பு, அதாவது கூடு, பின், லாக் தகடு.

புதுசா, பழசா

பீஞ்சமந்தைத் தம்பி கொண்டுவந்த துண்டைக் கையில் வாங்கியதும் நான் பார்த்தது இதைத்தான். அது கியர் பல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முறிந்த முகம் பளிச்சென்று இல்லை. பழுப்பேறி, ஓரமெல்லாம் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மழுங்கியிருந்தது. புதிதாக முறிந்த இரும்பு சர்க்கரை மாதிரி மினுக்கும், ஓரம் கையைக் கிழிக்கும். இது வருஷக்கணக்கில் பெட்டி அடியில் உருண்டு கிடந்திருக்க வேண்டும். எப்போதோ யாரோ உடைந்த கியரை மாற்றியிருக்கிறார்கள், உடைந்த துண்டை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஊகத்தை நம்பி வண்டியை அனுப்ப முடியாது, அதனால் எண்ணினேன். ஜீப்பில் இது கஷ்டமில்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்து, பின்சக்கரங்களைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, தரைத் தகட்டைக் கழற்றினால் பெட்டியின் மேல் மூடி கியர் கம்பியோடு மேலே வந்துவிடும். டார்ச் அடித்து, ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே திசையில் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு பல்லாக எண்ணுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க நினைக்காதீர்கள், விரல் போய்விடும். எல்லாக் கியரும் முழுசாக இருந்தால், கிடைத்த துண்டுக்கு இந்தப் பெட்டியில் சொந்தக்காரன் இல்லை. ஒரு பல் குறைந்தால் துண்டை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்த வேண்டும். பாதிதான் பொருந்துகிறது என்றால் மீதிப் பாதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எல்லாத் துண்டும் கணக்குக்கு வரும்வரை மூடியை மூடாதீர்கள்.

அந்தத் தம்பியின் பெட்டியில் எல்லாப் பல்லும் இருந்தன. அவருக்கு முகம் தெளிந்தது. ஆனால் புது ஆயிலை வடித்துப் பிடித்த என் தட்டில் வேறு ஒன்று இருந்தது. ஆயில் மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் புது ஆயிலில் எது வந்தாலும் அது இந்த இரண்டு நாளில் வந்ததுதான். கியர் பெட்டி ஆயில் கிட்டத்தட்ட சுத்தம். டிரான்ஸ்ஃபர் கேஸ் தட்டில் சிவந்த வெண்கலத் தகடுகள், புதுப் பளபளப்போடு ஏழெட்டு. கூடவே பாதியாக முறிந்த ஒரு உருளை, ஓரம் கத்தி மாதிரி.

அவர் காட்டிய துண்டுக்கும் வண்டியின் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. வேறு பெட்டி வாங்கிப் போட்டிருந்தாலும் அதே டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து, மறுபடி மலை ஏறியிருப்பார்.

காதால் உறுதி செய்வது

தட்டில் பார்த்ததைக் காதும் சொல்ல வேண்டும். வண்டி நின்றபடி, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் என்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்டின் பேரிங் அல்லது லே ஷாஃப்ட். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங், பெட்டியைத் திறக்க வேண்டாம். கீழ்க் கியர்களில் இரைந்து, டாப் போட்டதும் அடங்கினால் லே ஷாஃப்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். டாப்பில் சக்தி நேராகப் போவதால் லே ஷாஃப்ட் பாரமில்லாமல் சும்மாதான் சுற்றும். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்த ஜோடிப் பல்.

ஜீப்பில் இன்னொரு சோதனை இருக்கிறது. ஓரிடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியர் பெட்டியில் டாப் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டி நகராது, ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுக்கியர் சுற்றும். பெட்டி நியூட்ரலில் இல்லாத சத்தம் இப்போது வந்தால் நடுக்கியரையும் மெயின் ஷாஃப்டின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தம்பியை உட்காரவைத்து இதைச் செய்தேன். "இதே சத்தம்தாண்ணே, மலை ஏறசொல்ல வர்றது" என்றார்.

திறந்ததில் நடுக்கியரின் இரண்டு பக்க வெண்கல வாஷரும் தேய்ந்து காகிதமாகியிருந்தன. ஷாஃப்டில் உருளை ஓடுகிற இடம் குழிகுழியாக உரிந்திருந்தது. ஷாஃப்ட், எல்லா உருளைகளும், வாஷர்கள் என்று செட்டாக மாற்றினோம். நல்லதாகத் தெரிகிற பழைய உருளைகளை வைத்துக்கொண்டு முறிந்ததற்கு மட்டும் புதிது போடாதீர்கள். நூலிழை தடிமன் வித்தியாசம் இருந்தாலும் பாரம் முழுக்கப் புதியதன் மேல்தான் விழும். உருளைகளை உள்ளே நிற்க வைக்க கிரீஸ் தடவி, ஷாஃப்ட் அளவுக்கு வெட்டிய டம்மி குழாயைச் செருகிக்கொண்டால் வேலை சுலபம். மூடுவதற்கு முன் இரண்டு கூட்டின் மூலைமுடுக்கிலும் காந்தத்தை விட்டு, டீசலில் கழுவி, துணியால் துடைத்தேன். டீசலை ஊற்றி என்ஜினை ஓட்டிக் கழுவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பேரிங்குக்கு அதில் வழுக்கல் போதாது, நல்ல பேரிங்கும் கெடும்.

ஓட்டலாமா?

மை மாதிரிப் பொடியும் தங்கத் தூசியும் மட்டும் என்றால் புது ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். மூலைக் குறுணைகள் சில, மழுங்கிய பழைய துண்டு, கொஞ்சம் பித்தளைத் துணுக்கு என்றால் மேல் மூடியைத் திறந்து எண்ணுங்கள். குறையில்லை என்றால் ஆயிலை மாற்றி 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி வடித்துப் பாருங்கள். துணியில் தங்குவது குறைந்திருந்தால் நல்லது, கூடியிருந்தால் பெட்டி இறங்க வேண்டும். செதில், உருளை, பளிச்சென்ற புது முறிவு, சிவப்புத் தகடு, இதில் எது இருந்தாலும் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மலைப் பாதையில் ஓடுகிற வண்டி என்றால் இதில் பேச்சே வேண்டாம்.

கிடைத்த துண்டுகளைத் தேதி, கிலோமீட்டர் எழுதி ஒரு சிறிய டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். அடுத்து யார் திறந்தாலும் அவருக்கு அது உதவும்.

அந்தத் தம்பி பங்குனி முடிகிற சமயம் சொன்னபடி மறுபடி வந்தார். கிலோமீட்டர் 500-ஐத் தாண்டி நாற்பதோ ஐம்பதோ ஓடியிருந்தது. இரண்டு தட்டு வைத்து, சூடாக வடித்தோம். காந்தத்தில் கொஞ்சம் சாம்பல் மை ஒட்டியது. வேட்டித் துணியை வெயிலில் விரித்து இருவரும் குனிந்து பார்த்தோம். புளிய ஓடு ஒரு துணுக்கு மட்டும் இருந்தது. அது தட்டில் காற்றில் வந்து விழுந்தது.